ஓர் அலகுக்கு எண்பத்தேழு மீட்டர்

டேப்பக்காவுக்கு உலகத்தில் நம்பிக்கை என்று இருந்தது இரண்டே பொருள்மேல். ஒன்று, இரும்பு டேப். இன்னொன்று, கட்டின புருஷன். இதில் டேப்கூட வெயிலில் கொஞ்சம் நீளும், குளிரில் கொஞ்சம் சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கென்று கணக்கில் ஒரு திருத்தம் போட்டுக்கொள்வாள். புருஷன் விஷயத்தில் அப்படி ஒரு திருத்தம் தேவைப்படும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மற்றபடி எல்லார்மேலும் சந்தேகம்தான். நகராட்சியில் சர்வேயர் வேலை. அண்ணன் தம்பி நிலத்தகராறு, பக்கத்து வீட்டு மதில் தகராறு, ராவோடு ராவாக நகர்ந்துபோகும் எல்லைக்கல் இவற்றையே பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கொள்கை உண்டாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் காரணமில்லாமல் சிரித்தால் மதில் அரையடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழக்கடையில் தராசின் அடியில் குனிந்து பார்ப்பாள். தையற்காரரிடம் துணி கொடுத்தால் மிச்சத் துண்டையும் அளந்து வாங்குவாள். தெருவே அவளை டேப்பக்கா என்று கூப்பிட்டது. பாதி மரியாதை, பாதி நக்கல்.

இப்படிப்பட்டவளிடம்தான் நெடுந்தெருவில் சூரியக் குடும்பத்தை நட்டு வைக்கிற வேலை வந்து சேர்ந்தது.

யோசனை அவள் புருஷனுடையது. அவர் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் வாத்தியார். அதிர்ந்து பேசாத மனிதர், சாயங்காலம் ஒரு புத்தகமும் மூடிய கதவும் கிடைத்தால் வேறு ஒன்றும் கேட்கமாட்டார். அவரும் நூலகரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நூலக வாசலில் சூரியன். அங்கிருந்து தெரு நெடுகக் கோள்கள், உண்மையான தூரத்தைச் சுருக்கி, அதே விகிதத்தில். பிள்ளைகள் நடந்தே வானத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

"விண்வெளியைக் கிலோமீட்டர்ல அளந்தா சைபர் போட்டே கை ஓஞ்சுபோயிடும்" என்று வாத்தியார் குழுவில் விளக்கினார். "அதனால பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்குற தூரத்தை ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டாங்க. அதுதான் வானியல் அலகு. அந்தக் கணக்குல வியாழன் அஞ்சு சொச்சம், சனி ஒன்பதரை சொச்சம், கடைசியா இருக்குற நெப்டியூன் முப்பது."

"நட்சத்திரம் ஒண்ணாவது வைக்கலாமே?" என்றார் நூலகர்.

"அதுக்கு இந்த அலகு பத்தாது, ஒளியாண்டுல அளக்கணும். நம்ம தெருக் கணக்குல பக்கத்து நட்சத்திரத்தை நடணும்னா உலகத்தைப் பாதிக்கு மேல சுத்திப் போகணும்."

"அதுக்கு அனுமதி வாங்குறதுக்குள்ள நான் ஓய்வு வாங்கிடுவேன்" என்று நூலகர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

தெருவில் ஓர் அலகுக்கு எண்பத்தேழு மீட்டர் என்று குழு முடிவு செய்து டேப்பக்காவிடம் தாளைக் கொடுத்தது. ஏன் எண்பத்தேழு என்று அவள் கேட்காமல் இல்லை. வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள்.

"கடைசிக் கோள் லாரி டிப்போ வாசலோட நின்னுடணும். அதுக்கு அந்தாண்ட பிள்ளைங்க நடக்குறது ஆபத்து" என்றார் வாத்தியார், தட்டைப் பார்த்துக்கொண்டே. நியாயமாகப் பட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே டிப்போவுக்குப் போய்ப் பார்த்திருப்பாள்.

அளந்தாள். புதன், வெள்ளி, பூமி மூன்றும் நூலகத் தோட்டத்தை ஒட்டியே முடிந்தன. செவ்வாய் ஒரு மின்கம்பத்தடியில், வியாழன் தபால் நிலைய மதிலோரம். அடுத்தது சனி. உதவியாட்கள் டேப்பை இழுத்துப் பிடிக்க, அவள் குனிந்து சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அவளுடைய தங்கையின் பேக்கரி. குறி சரியாக வாசற்படிக்கு நேரே விழுந்திருந்தது.

சனி என்றால் சும்மா இல்லை. வளையத்துக்குப் பேர்போன கோள். சுற்றி உட்கார பெஞ்சு, நிழலுக்குக் கூரை, படம் எடுத்துக்கொள்ளத் தனி மேடை எல்லாம் அதற்கு மட்டும்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிச்சயம். வாசலில் சனி வந்து உட்காரமாட்டானா என்று கடைக்காரர்கள் ஏங்கிய தெரு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

தங்கையின் பேக்கரியோ தள்ளாடிக்கொண்டிருந்தது. தனிக்கட்டை. ரொட்டி நன்றாகத்தான் போடுவாள். ஆனால் தெருமுனையில் பெரிய கடை வந்த பிறகு சாயங்காலமானாலும் அவள் கண்ணாடிப் பெட்டி நிறைந்தே இருந்தது. இந்த வருஷம் தாண்டாது என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட கடை வாசலில், சொந்த அக்கா போட்ட குறி.

தெரு பேசியது. பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் பேசியவர் மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர். அவர் கடை பேக்கரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. "நான் ஒண்ணும் சொல்லலம்மா, சனங்க சொல்றாங்க" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். "உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. டேப்பக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை அளந்தாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் சுண்ணாம்புக் குறியைக் காணோம். தேய்த்துக் கழுவியிருந்தது. அவள் திரும்பப் போட்டாள். அதற்கடுத்த நாள் அதே மாதிரி இன்னொரு குறி, கண்ணாடிக்கடை வாசலில் முளைத்திருந்தது. அவளுக்கு ரத்தம் கொதித்தது. இவர்தான், சந்தேகமே இல்லை. ராத்திரி கல்லை நகர்த்துகிற சாதி. அன்றைக்கே தெருக்காரர்கள் அத்தனை பேரையும் பேக்கரி வாசலுக்கு வரச் சொன்னாள்.

"திருப்பி அளக்கப்போறேன்" என்றாள். "சனியிலேர்ந்து சூரியனுக்கு. டேப்போட அந்த முனையை நீங்களே பிடிங்க" என்று கண்ணாடிக்கடைக்காரர் கையில் கொடுத்தாள். அது அவள் தொழிலில் வழக்கம். போகும்போது அளந்ததை வரும்போது அளந்து சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஊர் பார்க்க அளந்தார்கள். வழியில் சைக்கிள்கள் நின்றன, தபால் நிலையத்தில் ஜன்னல் திறந்தது. நூலக வாசலில் சூரியனின் நடுப்புள்ளிக்கு வந்தபோது ஒரு விரல்கடைகூட வித்தியாசம் இல்லை. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். அந்த வேகத்தில்தான் வாயை விட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இதுல என் கையும் படல, என் குடும்பத்துல ஒருத்தர் கையும் படல. பட்டுச்சுன்னு யாராவது காட்டினா, இந்த டேப்பை இனிமே நான் தொடமாட்டேன்."

"தூரம் சரிதாம்மா, மறுக்கல" என்று கண்ணாடிக்கடைக்காரர் டேப்பை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேட்டார். "ஒரு அலகுக்கு எண்பத்தேழு மீட்டர்னு யாரு சொன்னது? ஏன், நூறுன்னு முழுசா வெச்சா சூரியன் கோவிச்சுக்குமா?"

அவள் டிப்போ விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டினார், காரணமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை.

அடுத்த நாள் வேலைக்கு நடுவே தெருக்கோடிவரை நடந்தாள். நெப்டியூனுக்கு உதவியாட்கள் நட்டிருந்த முளை ஒரு பழைய இரும்புக்கடை வேலியோரம் நின்றது. டிப்போ வாசலைத் தேடினாள். அது இன்னும் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி இருந்தது. அவள் நின்றுவிட்டாள். கடைசிக் கோள் டிப்போ வாசலில்தான் நிற்கவேண்டும் என்றால் அலகு எண்பத்தொன்பது மீட்டர் ஆகியிருக்கவேண்டும். கணக்குக்குச் சுலபமான ஒரு எண் போதும் என்றால் எண்பத்தைந்து வைத்திருக்கலாம். எண்பத்தேழு எதற்கும் பொருந்தவில்லை. போதாததற்கு டிப்போவின் இரும்புக் கதவில் துரு ஏறிப் பூட்டுத் தொங்கியது. உள்ளே லாரி வாசனையே இல்லை, புல் முளைத்திருந்தது.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எங்கே சந்தேகப்படக் கூடாது என்று மனசு தடுக்கிறதோ, கை அங்கேதான் முதலில் போகும். அவள் வேலியோரக் கல்லில் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து பேக்கரி வாசல்வரை உள்ள தூரத்தைச் சனியின் ஒன்பதரை சொச்சத்தால் வகுத்தாள். எண்பத்தேழு. மிச்சம் மீதி இல்லாமல் எண்பத்தேழு.

சனி தற்செயலாக அந்த வாசலில் விழவில்லை. வாசலை முதலில் வைத்துக்கொண்டு அலகைப் பின்னால் வெட்டியிருக்கிறார்கள். டேப் பொய் சொல்லவில்லை. டேப் கையில் வருவதற்கு முன்னாலேயே பொய் சொல்லி முடித்தாகிவிட்டது. அதைவிட மோசம், அந்தத் தூரத்தை அவருக்குக் கொடுத்தவளும் அவளேதான். போன மழைக்காலத்தில் ஒருநாள், "நூலகத்துலேர்ந்து உன் தங்கச்சி கடை எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். அவளும் பெருமையாக, சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் வாத்தியார் சமையலறை மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிப்போவுக்கு எண்பத்தொம்பது வேணும். ஏன் எண்பத்தேழு வெச்சீங்க?"

அவர் பேனாவை மூடினார். மூடின விதத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"யாருக்கும் நஷ்டம் இல்லையே" என்றார் கடைசியில். "அலகுன்னா என்ன? நம்ம பூமி வாசல்லேர்ந்து சூரியனுக்கு இருக்குற தூரத்தை ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டோம். வியாழன்ல ஒருத்தன் இருந்தா அவன் வாசலை வெச்சிருப்பான். எல்லா அலகும் யாரோ ஒருத்தர் வாசல்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. நான் உன் தங்கச்சி வாசலை வெச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட, வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடியில் எங்கோ ஒரு இளக்கமும் இருந்தது. என் தங்கைக்காகவா இந்த மனிதர் இத்தனை மெனக்கெட்டார்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவமேல இவ்வளவு அக்கறைன்னு எனக்குத் தெரியாதே."

அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒரு பொய்யிலேயே களைத்துப்போயிருந்தார்.

"அக்கறைன்னு இல்ல" என்றார். "கடையை மூடினா அவ எங்க போவா? இங்கதான் வருவா. போன தடவை ஒரு மாசம் இருந்தாளே, நினைவிருக்கா? விடியுறதுக்கு முன்னாடி மாவை அறைஞ்சுக்கிட்டு, தட்டை உருட்டிக்கிட்டு, ஓயாத பாட்டு வேற. என்னால ஒரு பக்கம் படிக்க முடியல. அவ கடை நல்லா நடந்தா அவளும் நிம்மதியா இருப்பா, நானும் நிம்மதியா இருப்பேன்."

டேப்பக்கா இருபது வருஷமாகத் திறந்து பார்க்காத பெட்டியைத் திறந்தவள்போல் நின்றாள். இந்த ஆள் இன்னும் எதையெல்லாம் எனக்குத் தெரியாமல் அளந்து வைத்திருக்கிறார்? நான் வேலை விட்டு வரும் நேரம், என் அம்மா வந்து தங்கிய நாட்கள், நான் சிரித்தது, பேசியது? சந்தேகம் ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கு எந்த அறையும் சின்னதில்லை.

சாயங்காலம் நூலகத்தில் தெருக்கூட்டம். கண்ணாடிக்கடைக்காரர் புகார் கொடுத்திருந்தார். போகிற வழியில் பேக்கரியில் நுழைந்தாள், தங்கையிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அப்படி அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விடல. செத்தாலும் சொல்லமாட்டேன்."

"எதை?"

"அதான், நீ எனக்காகப் பண்ணது. எல்லாரும் தற்செயலுங்கறாங்க. எனக்குத் தெரியாதா?" தங்கையின் கண் கலங்கியது. "சின்ன வயசுல ஒரு பிஸ்கட்டைக்கூட ஸ்கேல் வெச்சுப் பாதியாக்குனவ நீ. நான் அழுதாலும் ஒரு நூல் அளவுகூட அதிகம் கொடுக்கமாட்டே. உனக்கு என்மேல பாசமே இல்லைன்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? கடை பொழைக்குதோ இல்லையோ, எனக்காக ஒரு தடவை நீ டேப்பை வளைச்சே பாரு, அது போதும்க்கா."

டேப்பக்கா வாயைத் திறந்தாள். இல்லை, நான் இல்லை, உன் மாமா. அதுவும் உனக்காக இல்லை, நீ வந்துவிடக் கூடாது என்பதற்காக. இதில் எந்த வார்த்தையை முதலில் சொல்வது? அவள் ஒன்றையும் சொல்லவில்லை. தங்கை கடையைப் பூட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

கூட்டத்தில் தெருவே இருந்தது. வாத்தியார் முன்வரிசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வறைப் பையன்மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். "நான் ஒண்ணும் சொல்லல. எண்பத்தேழுக்குக் காரணம் மட்டும் சொல்லிட்டா நான் உக்காந்துடுறேன்."

நூலகர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் எழுந்திருக்கப்போனார். உதடு அசைந்தது. அவர் உண்மையைத்தான் சொல்லப்போகிறார், முழு உண்மையையும், டிப்போ முதல் மாவு அறைகிற சத்தம்வரை. டேப்பக்காவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பின்வரிசையில் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் டேப்பக்கா புருஷனிடம். பிறகு முன்னால் வந்தாள்.

"காரணம் இருக்கு. என் தங்கச்சி கடை வாசல்ல சனி நிக்கணும்னு கணக்குப் போட்டு அந்த அலகை வெச்சது நான்தான். எங்க வீட்டுக்காரர்கிட்ட டிப்போ கதையைச் சொல்லி அவரையும் நம்ப வெச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

உடனே சத்தம் கிளம்பியது. வேலியே பயிரை மேய்ந்ததா என்று ஒருவர், நெருப்பில்லாமல் புகையாது என்று இன்னொருவர். முந்தின நாள் கைதட்டியவர்களே இப்போது அதிகமாகச் சத்தம் போட்டார்கள். அவள் தோள்பையிலிருந்து டேப்பை எடுத்து நூலகரின் மேஜைமேல் வைத்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளிடம் இருந்த டேப்.

"அப்போ நூறுன்னு முழுசா வெச்சுடலாமே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"நூறு வெச்சா சனி உங்க கடை வாசல்ல விழும்" என்றாள் டேப்பக்கா. "நீங்க சுண்ணாம்புல போட்ட குறிமேலயே விழும். நான் அதையும் அளந்துட்டேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், நெப்டியூன் தெருக்கோடிப் பாலத்தடியில் நிற்கட்டும், அதற்குத் தக்க அலகு எதுவோ அது இருக்கட்டும் என்று முடிவானது. அப்படிப் பார்த்தால் சனி ஒரு வெறும் மதிலோரம்தான் போய் நின்றது. யாருக்கும் லாபமில்லை என்பதால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது ஒருவரும் அவளிடம் பேசவில்லை. நாளைக்கு அலுவலகத்துக்கும் சேதி போய்விடும். தங்கை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். மூன்று பேரும் தெருவில் நடந்தார்கள். தங்கை நடுவில், வாத்தியார் ஓரமாக.

"உன் பேரே போயிடுச்சேக்கா."

"போகட்டும். உன் கடை?"

"மூடிடலாம்னு இருக்கேன். சனி வந்திருந்தாலும் கொஞ்ச நாள் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்." பேக்கரி இருக்கும் பக்கம் பார்த்தாள். "அப்புறம் எங்க போறதுன்னுதான் தெரியல. உன் வீட்டுக்கு வரணும்னு ஆசைதான். மாமாவுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு பாக்குறேன்."

டேப்பக்கா நின்றாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தில் மாவு அறைகிற சத்தம், ஓயாத பாட்டு, மூடிய கதவு என்று ஒவ்வொன்றாக எல்லாம் வந்து போயின.

"தொந்தரவா?" என்றார் வாத்தியார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே. அது உன் வீடுதானே. நாளைக்கே வா."

அவர் சொன்னது பொய் என்று டேப்பக்காவுக்குத் தெரியும். கூட்டத்தில் அவள் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். தங்கை மட்டும் இரண்டையும் நம்பி, இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.